ஆட்டத்திற்கு முந்திய நாள்

கி. பி. 1541ஆம் ஆண்டு, பெப்ரவரி மாதம். ஸ்கொத்லாந்து நாட்டிலே பெய்சிலி என்னும் ஊரில் பழைய துறவிமடம் ஒன்று உண்டு. அம்மடத்தைச் சேர்ந்த ஜோன் ஸ்கிளேட்டர் என்னும் துறவி, பழத்தோட்டத்துக்கு அருகே உறைந்து கிடந்த நீர்ப்பரப்புக்குச் சென்றார். அங்கே பனிக்கட்டியின்மீது வழுக்கிச் செல்லுமாறு மூன்று முறை கல் எறிந்து பார்த்தார். பின்னர், மடாதிபதியின் உறவினராகிய கவின் ஹமில்ற்றன் என்பாருடன் முன்னமே பேசி முடித்திருந்த கல்லெறி போட்டிக்குத் தாம் ஆயத்தமாக இருப்பதாக அறிவித்தார். ஜோன் மக்வின் என்ற நொத்தாரிசு இந்நிகழ்ச்சியைத் தமது பதிவேட்டில் இலத்தீன் மொழியில் எழுதி வைத்தார்.

பனித்தரையிற் கல் எறிந்து ஆடும் 'கேர்லிங்' என்ற விளையாட்டின் வரலாற்றை ஆராய்வோர், இந்த நொத்தாரிசின் குறிப்பையே மிகப் பழைய எழுத்துச் சான்றாகக் கொள்வர். அதில் ஒரு விந்தை உண்டு. எழுதப்பட்டிருப்பது போட்டியன்று, போட்டிக்கு முன் ஒருவர் சென்று பனியைச் சோதித்துப் பார்த்த செய்தி. இற்றைக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அத்துறவி செய்ததையே, உலகச் சுற்றுப்போட்டிக்கு வரும் அணி ஒவ்வொன்றும் இன்றும் ஆட்டத்திற்கு முந்திய நாளிற் செய்கின்றது.

நேயர்களே, ஒரு விளையாட்டின் வரலாற்றைச் சொல்வோர் வெற்றி பெற்றோரின் பெயர்களை வரிசையாக அடுக்கிச் சொல்வது வழக்கம். இன்று நான் வேறொரு வழியாற் செல்ல விரும்புகிறேன். ஆட்டத்திற்கு முந்திய நாள் இரவில் ஆட்டக்காரர் எதற்கு அஞ்சினர் என்று கேட்டுப் பார்ப்போம். அவ்வச்சம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த மாற்றமே இவ்விளையாட்டின் வரலாறு என்று நான் எண்ணுகிறேன்.

நம்மிற் பலர் இவ்வாட்டத்தை நேரிற் கண்டிருக்க மாட்டோம். நமது தீவிலே தை மாசி மாதங்களில், நுவரெலியாவின் புல்வெளிகளில் அதிகாலை வேளையிலே உறைபனி வெண்மையாகப் படிவதுண்டு. வெயில் ஏறியதும் அது மறைந்துபோம். ஒரு குளம் முழுவதும் பாறைபோல் இறுகி, அதன்மேல் ஆயிரக்கணக்கானோர் நின்று ஆடுவதை நாம் கற்பனை செய்துதான் காண வேண்டும். ஆதலின் ஆட்டத்தின் முறையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

ஆடுதளம் 150 அடி வரை நீளமான பனித்தரை. அதன் இரு அந்தங்களிலும் 12 அடி விட்டமுள்ள வட்டங்கள் வரையப்பட்டிருக்கும். ஓர் அணிக்கு நால்வர். ஒவ்வொருவரும் இவ்விரண்டு கற்களாக, இரு அணியினரும் மாறி மாறி எறிய, ஒரு சுற்றில் 16 கற்கள் செல்லும். கல் என்றால் கைக்குள் அடங்கும் கல்லன்று. நம் அம்மிக்கல்லைப்போற் கனத்த, வட்ட வடிவமான, மேலே கைபிடி பொருத்திய கருங்கல். அதன் எடை 44 இறாத்தலுக்கு மேற்படலாகாது. சுற்று முடிந்ததும், எதிரணியின் மிகச் சிறந்த கல்லிலும் பார்க்க நடுப்புள்ளிக்கு அண்மையில் நிற்கும் கற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கல்லை விடும்போது கைபிடியை மெல்லத் திருப்பிவிட்டால், அது போகப்போக ஒரு பக்கம் வளையும். முன்னே நிற்கும் கல்லைச் சுற்றிக்கொண்டு அதன் பின்னே போய் மறைந்து நிற்கவும் செய்யும். கல் ஓடும்போது தோழர் இருவர் அதன் முன்னே துடைப்பத்தால் பனியைத் தேய்த்துச் செல்வர். தேய்த்தலால் எழும் சூடு உராய்வைக் குறைக்க, கல் இன்னுஞ் சில அடி தூரம் போகும், வளைவும் குறையும். தும்புத்தடியைக் கையிலேந்தி ஆடும் விளையாட்டா என்று நகைப்போர் உண்டு. நகைப்போர் ஒரு முறை 44 இறாத்தற் கல்லுக்கு முன்னே ஓடிப் பார்க்கட்டும்.

இந்த வளைவைப் பற்றி ஒரு வார்த்தை. மேசையின்மேல் ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்துச் சுழற்றித் தள்ளினால் அது ஒரு பக்கம் வளைந்து செல்லும். கேர்லிங் கல்லோ, அதே திசையிற் சுழன்றாலும், எதிர்ப் பக்கமாக வளையும். இதற்குக் காரணம் யாதென்பதில் பௌதிக அறிஞர்கள் இன்னும் முற்றாக உடன்படவில்லை. விளக்கம் தெரியாமலே பல நூற்றாண்டுகளாக மக்கள் அதை எறிந்து வருகின்றனர்.

இனி, பழைய காலத்து முந்திய நாளுக்கு வருவோம்.

ஸ்கொத்லாந்தின் குளிர்காலம் நம்பத் தகாதது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் காற்று அந்நாட்டை அணைத்தே நிற்பதால், நான்கு நாள் கடுங்குளிர் வந்து குளம் உறைந்தாலும், ஐந்தாம் நாள் தென்மேற்கிலிருந்து ஈரக்காற்று வீசி யாவற்றையும் இளக்கிவிடும். ஆகவே அந்நாளைய ஆட்டக்காரனுக்கு அச்சம் ஒன்றே. அது பனி இளகுமே என்ற அச்சம். எதிரணி எத்தகையது, தன் கை தவறுமா என்ற எண்ணங்களெல்லாம் அதற்குப் பின்னேதான். போட்டிக்கு முந்திய மாலையில் அவன் செய்யக்கூடியது, வாசலில் நின்று வானத்தை நோக்குவது. காற்றுத் திசை மாறுகிறதா என்று பார்ப்பது. குளத்தின் ஓரத்திலே பனியைத் தட்டி ஓசை கேட்பது. உழவனும் கொல்லனும் போதகரும் பிரபுவும் ஒரே வானத்தை ஒரே கவலையோடு நோக்கினர். குளம் உறைந்தால் உழவு நின்றது. வேலை நின்றவர் யாவரும் குளத்துக்கே வந்தனர்.

வானத்துக்கு இவ்வாறு அடிமைப்பட்டிருக்க விரும்பாத ஒருவர் தோன்றினார். ஜோன் கேர்ணி என்பது அவர் பெயர். சத்திரவைத்தியர், வெடிமருந்து விபத்தொன்றில் ஒரு கையை இழந்தவர். கிளைட் கடலோரத்திலுள்ள லார்க்ஸ் என்னும் ஊரிலே தாம் கட்டிய இல்லத்துக்குக் 'கேர்லிங் மண்டபம்' என்றே பெயர் சூட்டினாரென்றால் அவரது பித்தை நேயர்கள் உணரலாம். அவர் கண்டுகொண்ட உண்மை மிக எளியது. ஆழ்ந்த குளம் உறையப் பல நாள் வேண்டும். ஆனால் இறுகிய மட்டமான தரையில் மெல்லிய நீர்ப்படலத்தைப் பரப்பிவைத்தால் ஓர் இரவுக் குளிரே போதும். அவ்வாறு ஆழமற்ற செயற்கைக் குளமொன்றை அமைத்து ஆடிக் காட்டினார். 1833இல் அம்முறையை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். முந்திய நாளை வானத்தின் கையிலிருந்து மீட்க மனிதன் வைத்த முதல் அடி இதுவென்று சொல்லலாம்.

1838ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் எடின்பரோ நகரிலே கேர்லிங் கழகத்தார் ஒன்றுகூடி 'மாபெரும் கலிடோனியன் கேர்லிங் கழகம்' என்ற பொதுச் சங்கத்தை நிறுவினர். நடுக்கோடையில் கூடியது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் குளிர்காலத்தில் அவர்களை ஓர் அறைக்குள் இருத்த யாரால் இயலும்? கேர்ணியே முதலாவது தலைவரானார். ஊருக்கொரு விதி, குளத்துக்கொரு கல் என்றிருந்த நிலை மாறிப் பொது விதிகள் எழுந்தன. 1842இல் விக்ரோறியா இராணியார் ஸ்கொத்லாந்துக்கு வந்து ஸ்கூன் மாளிகையிலே தங்கியபோது அவருக்கு இவ்வாட்டத்தைக் காட்ட விரும்பினர். பருவமோ பனிக்குரியதன்று. என் செய்வது? மாளிகையின் நடன மண்டபத்திலே மெழுகிட்டு மினுக்கிய மரத்தரையின் மீதே கற்களை ஓடவிட்டுக் காட்டினார் மான்ஸ்பீல்ட் பிரபு. அடுத்த ஆண்டு அக்கழகத்தின் பெயரில் 'அரச' என்ற அடைமொழி ஏறியது. பனி இல்லாவிடத்தும் ஆடியே தீருவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இச்சங்கம் நடத்திய 'மாபெரும் ஆட்டம்' என்ற விழாதான் பழைய முந்திய நாளின் உச்சம். நாட்டின் வடபகுதிக் கழகங்கள் ஒரு பக்கம், தென்பகுதிக் கழகங்கள் மறுபக்கம். ஒரே நாளில், ஒரே பனியில் யாவரும் ஆடுவர். முதலாட்டம் 1847இல் பெனிகுயிக் என்னுமிடத்தில் நடந்தது. மறு ஆண்டு லின்லித்கோ வாவியில் ஆயிரக்கணக்கானோர் பனிமேல் திரண்டபோது பொறுப்பாளரின் நெஞ்சம் நடுங்கியிருக்கும். கீழே ஆழமான நீர். மேலே அத்துணை மக்களின் பாரம். பின்னர் பேர்த் மாகாணத்திலே கார்ஸ்பிறெக் என்னும் தாழ்ந்த நிலத்தில், உடைந்தாலும் உயிர் போகாத அளவுக்கு ஆழங் குறைந்த குளமொன்றை அமைத்தனர். அங்கே ஆட்டக்காரருக்கென்றே ஒரு புகையிரத நிறுத்தமும் எழுந்தது. ஆட்டநாள் தவிர்ந்த மற்றைய நாட்களில் அந்நிலையத்துக்கு வேலையில்லை.

அந்த ஆட்டத்திற்கு முந்திய நாளை நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். நாள் முன்கூட்டியே குறிக்கப்படுவதில்லை. குளிர் இறுகி, பனி தாங்கும் என்று கண்டபின்னரே அழைப்புப் புறப்படும். தந்திகள் பறக்கும். நாடெங்குமுள்ள கழகங்களில் அன்றிரவு உறக்கமில்லை. ஒவ்வோர் ஆட்டக்காரனும் தன் சொந்தக் கற்கள் இரண்டையும் எடுத்துத் துடைத்துக் கட்டுவான், துடைப்பத்தைத் தேடுவான், விடியுமுன் சிறப்புப் புகையிரதத்தைப் பிடிக்கவேண்டும். இத்தனையும் செய்துகொண்டிருக்கையில் காதுகள் கூரையின்மேல் இருக்கும்; மழைத்துளி விழும் ஓசை கேட்கிறதா? மறுநாட் காலை பீரங்கி முழங்கியதும் நூற்றுக்கணக்கான தளங்களில் ஏககாலத்திற் கற்கள் ஓடத் தொடங்கும். 1853 தொடங்கி 1935 வரையான 82 ஆண்டுகளிற் கார்ஸ்பிறெக்கில் நடந்த மாபெரும் ஆட்டங்கள் 25 மட்டுமே. கடைசி ஆட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆடினர். மூன்று குளிர்காலத்துக்கு ஒன்று என்ற கணக்கிலும் அது அமையவில்லை. மற்றைய ஆண்டுகளிற் காத்திருந்ததே மிச்சம்.

இந்த வானத்து விளையாட்டு நாடுகளுக்கிடையேயான போட்டியாக உயர்ந்தபோதும் அச்சம் மாறவில்லை. 1924ஆம் ஆண்டு ஜனவரியில் பிரான்சு நாட்டின் சமோனி நகரிலே பனிவிளையாட்டு வாரம் நடந்தது. பின்னரே அதற்கு முதலாவது குளிர்கால ஒலிம்பிக் விழா என்ற பெயர் வழங்கிற்று. விளையாட்டரங்கு திறந்தவெளி. டிசெம்பர் கடைசியிற் கொட்டிய பெரும்பனியை ஆட்கள் மண்வாரிகளால் அள்ளி அப்புறப்படுத்தினர். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் மழை பெய்து பனித்தளம் ஏரியாயிற்று. விழா தொடங்கும் தறுவாயிலேதான் குளிர் மீண்டும் இறுகி அதைக் காத்தது.

பிரித்தானியாவின் பெயரால் ஆடியவர்கள் ஸ்கொத்லாந்தரே. தலைவர் வில்லி ஜாக்சன். அவர் மகன் லோரன்ஸ் ஜாக்சன். ரொபின் வெல்ஷ், ரொம் மறே ஆகிய இருவர். வெல்ஷுக்கு அப்போது வயது 54. சுவீடனை 38க்கு 7 என்றும், பிரான்சை 46க்கு 4 என்றும் வென்றனர். இளகியும் இறுகியும் நின்ற பனியிற் பிறந்து வளர்ந்தோர்க்குச் சமோனியின் சஞ்சலம் புதிதாக இருந்திராது. ஆனால் அவர்கள் பெற்ற பதக்கத்தின் தகுதி நெடுங்காலம் ஐயத்துக்குள்ளாகியே இருந்தது; கேர்லிங் அவ்விழாவில் முழுப்போட்டியா, காட்சிப் போட்டியா என்று வாதம் நிகழ்ந்தது. 2006ஆம் ஆண்டிலேயே சர்வதேச ஒலிம்பிக் குழு அதை முழுப்போட்டியென்று உறுதி செய்தது. நால்வருள் எவரும் அப்போது உயிருடன் இல்லை.

இதற்கிடையில் வானத்தை முற்றாக வெளியே நிறுத்தும் வழி வந்துவிட்டது. 1879இல் இங்கிலாந்தின் சவுத்போட் நகரில் இயந்திரத்தால் உறையவைத்த பனியுடன் ஒரு மண்டபம் திறக்கப்பட்டது. 1907இல் கிளாஸ்கோ நகரிலும் அத்தகையதொன்று எழுந்தது. கனடாவிலோ, 1807இலேயே மொன்றியால் நகரில் ஸ்கொத்லாந்து வணிகர்கள் கழகம் அமைத்திருந்தனர். அந்நாட்டின் கொடுங்குளிரில் வெளியே நிற்றல் அரிது. ஆகவே கூரையின்கீழ் ஆடும் வழக்கம் அங்கே விரைவிற் பரவியது. கூரையின் கீழ் ஆடியவன் காற்றையும் வெயிலையும் மறந்தான். கையின் நுட்பத்தை வளர்த்தான்.

1959ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இரட்டை ஆண்டு. அவ்வாண்டின் குளிர்காலத்தில் லொக் லீவன் என்னும் வாவி இறுகி உறைய, பல ஆண்டுகளாகக் காத்திருந்த மாபெரும் ஆட்டம் திறந்த வானத்தின்கீழ் மீண்டும் நடந்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், போல்கேர்க்கிலும் எடின்பரோவிலும் உள்ள பனிமண்டபங்களில், 'ஸ்கொச் கிண்ணம்' என்ற பெயரிற் கனடாவின் வெற்றியணியும் ஸ்கொத்லாந்தின் வெற்றியணியும் எதிர்த்து ஆடின. இக்கிண்ணப் போட்டியே வளர்ந்து பிற்காலத்தில் உலகச் சுற்றுப்போட்டியாயிற்று. பழையதும் புதியதும் ஒரே ஆண்டில் அருகருகே நின்றன.

கனடாவிலிருந்து வந்தவர்கள் சஸ்கச்சுவான் மாகாணத்து றெஜைனா நகரத்தவர். நால்வருக்கும் குடும்பப் பெயர் றிச்சட்சன். ஏர்ணி தலைவர், காணெற், அவர் தம்பி, ஆர்ணல்டும் வெஸ்ஸும் அவர்களின் ஒன்றுவிட்ட சகோதரர். எதிரே வில்லி யங் தலைமையிலான ஸ்கொத்லாந்து அணி. இரு நாட்டாரும் ஒரே விளையாட்டை இருவேறு பாணியில் வளர்த்திருந்தனர். ஸ்கொத்லாந்தர் பெரும்பாலும் நின்ற நிலையிலிருந்தே கல்லை விட்டனர்; கல்லைப் பக்குவமாகச் செலுத்தி வட்டத்துள் நிறுத்துவதையே கலையெனக் கருதினர். கனடியரோ, காலூன்றிய பிடியிலிருந்து உந்திக் கல்லோடு தாமும் நெடுந்தூரம் சறுக்கிச் சென்று அதை விட்டனர். எதிரியின் கல் வட்டத்துள் நின்றால் வேகமாக அடித்து வெளியேற்றினர். ஐந்து ஆட்டங்கள் நடந்தன. ஐந்திலும் கனடாவே வென்றது.

தாய்நாட்டில், தம் முன்னோரின் விளையாட்டில், இப்படித் தோற்றது ஸ்கொத்லாந்தருக்கு எவ்வளவு கசந்திருக்கும்! ஆனாற் கசப்பு வீணாகவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளிற் சறுக்கு முறையை அங்கும் பயின்றனர். 1967இல் பேர்த் நகரில் நடந்த ஸ்கொச் கிண்ணப் போட்டியிற் சக் ஹே தலைமையிலான ஸ்கொத்லாந்து அணி வெற்றி பெற்றது. மறு ஆண்டு அக்கிண்ணத்தின் பெயரும் மாறிற்று.

முந்திய நாளின் அச்சம் வேறு வடிவம் பெற்றது இக்காலத்திலேதான். மண்டபத்துக்குள் மழை பெய்யாது. ஆனால் மண்டபத்துப் பனி மனிதன் செய்த பனி. அதை யார் செய்தார், எப்படிச் செய்தார் என்பது கடல் கடந்து வந்த அணிக்குத் தெரியாது. முன்பு இரு அணிக்கும் ஒரே குளம், ஒரே வானம், ஒரே அறியாமை. இப்போது அந்நியரின் பனியை ஒரு நாளிற் படித்தாக வேண்டும். துடுப்பாட்டத்தில் ஆடுகளத்தின் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் அணித்தலைவரை நாம் கண்டிருக்கிறோம். அதே கவலைதான், இங்கே களம் முழுவதும் நீரால் ஆனது.

அந்தப் பனியை எவ்வாறு செய்கின்றனர் என்று பார்ப்போம். தரையை மட்டமாக்கிக் குளிரூட்டி, தூய்மை செய்த நீரைப் பரப்பி உறையவைப்பர். வெண்மை பூசி, வட்டங்களை வரைந்து, அவற்றின்மேல் மறுபடியும் நீர் பரப்பி உறையவைப்பர். கண்ணாடிபோல் மட்டமான அத்தளத்திற் கல்லை விட்டால் அது பாதி வழியிலேயே நின்றுவிடும் என்றால் நம்புவீர்களா? கல்லின் அடிப்புறம் குழிந்தது. குழியைச் சூழ்ந்த ஒடுங்கிய வளையம் ஒன்றே பனியைத் தொடும். அவ்வளையம் ஓடுவதற்குப் பனியின்மேல் நுண்ணிய மேடுகள் வேண்டும். அதற்காக, முதுகிலே நீர்க்கலத்தைச் சுமந்த பணியாளர் ஒருவர், பூவாளியின் முகம்போன்ற துளைமுகத்தை இடமும் வலமும் சீராக வீசிக்கொண்டு பின்னோக்கி நடப்பார். தெறித்த துளிகள் விழுந்தவிடத்தே உறைந்து பரல்களாக நிற்கும். பின் அப்பரல்களின் கூர்முனையை மெல்லச் சீவிவிடுவர். துளி பெரிதா சிறிதா, நீர் எவ்வளவு சூடு, நடந்தவர் கை எவ்வளவு சீராக வீசிற்று என்பவற்றைப் பொறுத்துக் கல்லின் ஓட்டமும் வளைவும் வேறுபடும். ஆயிரம் பார்வையாளர் வந்து மண்டபத்திலே மூச்சுவிட்டாலே பனியின் குணம் மாறும். இப்பணியாளரின் பெயரைப் பத்திரிகைகள் எழுதுவதில்லை. ஆனால் முந்திய நாளில் ஆட்டக்காரர் முதலில் தேடிச் செல்வது அவரையே.

அடுத்தது கல். இப்போது உலகப் போட்டிகளில் எவரும் தம் கல்லைக் கொண்டுவருவதில்லை. போட்டியை நடத்துவோரே ஒரே தொகுதியாக வழங்குகின்றனர். ஸ்கொத்லாந்தின் மேற்குக் கடலில் ஏல்சா கிறேக் என்ற சிறு தீவு உண்டு. கடற்பறவைகளே அதன் குடிகள். உலகின் மிகச் சிறந்த கேர்லிங் கற்கள் அத்தீவின் பாறையிலிருந்து செய்யப்படுகின்றன. அங்குள்ள பச்சைக் கருங்கல் மோதலைத் தாங்கும். நீலக் கருங்கல்லோ நீரை உறிஞ்சாது. உறிஞ்சும் கல்லானால் நுண்துளைகளிற் புகுந்த நீர் உறைந்து விரிய, கல்லின் வளையம் பொரிந்துபோம். ஆகவே கல்லின் உடலைப் பச்சையிலும், பனியைத் தொடும் அடியை நீலத்திலும் அமைப்பர். மோக்லைன் என்னும் ஊரிலே கேஸ் கொம்பனியார் 1851 முதல் இத்தொழிலைச் செய்துவருகின்றனர்.

ஒரே பாறையில், ஒரே பட்டறையிற் செய்தாலும் இரு கற்கள் ஒத்திருப்பதில்லை. ஒன்று சிறிது விரையும். ஒன்று சிறிது அதிகம் வளையும். மற்றொன்று போகும் வழியெல்லாம் ஒழுங்காகப் போய்க் கடைசியில் முறைத்துக்கொள்ளும். முந்திய நாளின் பயிற்சி, பெரும்பகுதியும், இக்கற்களின் சுபாவத்தை அறிவதற்கே செலவாகிறது. ஒவ்வோர் அணிக்கும் ஒவ்வொரு தளத்திலும் சில நிமிடங்களே கொடுக்கப்படும். நால்வரும் கற்களை மாற்றி மாற்றி விடுவர். பயிற்றுநர் கையில் நேரமானி. ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டை அடையக் கல் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்வார். ஐந்தாமவர் ஒருவரும் அணியிலுண்டு. அவர் ஆட்டத்தில் இறங்குவது அரிது. ஆனால் இரவில், மற்றவர்கள் உறங்கச் சென்றபின், மறுநாளைக்குரிய கற்களை ஓடவிட்டுப் பார்த்து எண்களைக் குறிப்பேட்டில் எழுதுவது பெரும்பாலும் அவரே. எந்தக் கற்கள் ஒன்றையொன்று ஒத்தன, அவற்றை எவர் விடுவது, சந்தேகத்துக்குரிய கல்லை எவர் கையிற் கொடுப்பது என்பதெல்லாம் அக்குறிப்பேட்டைக் கொண்டே முடிவாகும். பதக்கம் வழங்கும் மேடையில் அவரும் நிற்பார். அவர் என்ன செய்தார் என்று பார்ப்போர் வியப்பர்.

துடைப்பத்துக்கும் இன்று பரிசோதனை உண்டு. 2015ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், சிலவகைத் துணி பொருத்திய துடைப்பங்களாற் கல்லை நினைத்த பக்கம் திருப்பலாம் என்று கண்டு பெருங்குழப்பம் மூண்டது. எறிபவனின் கைத்திறனைத் தேய்ப்பவனின் துணி விழுங்கிவிடுமோ என்று ஆட்டக்காரரே அஞ்சினர். 2016 முதல் அங்கீகரிக்கப்பட்ட துணியையே பயன்படுத்தலாம் என விதி செய்தனர். கடைசிக் கல்லை எறியும் உரிமைக்கும் இப்போது அளவை வந்துவிட்டது. சுற்றின் கடைசிக் கல் பெரும் பலம். முன்பெல்லாம் முதற் சுற்றில் அது யாருக்கென்று நாணயம் சுண்டித் தீர்ப்பது வழக்கம். இன்றோ ஆட்டத்துக்கு முன்னரே இரு அணியும் நடுப்புள்ளியை நோக்கிக் கல் விட, தூரத்தைச் சென்ரிமீற்றர் கணக்கில் அளந்து, அண்மையில் நிறுத்தியவர்க்கு அவ்வுரிமையைக் கொடுக்கின்றனர். ஆட்டம் தொடங்குமுன்பே ஆட்டத்தின் ஒரு பங்கு முடிந்துவிடுகிறது. 1998இல் ஜப்பானின் நகானோ நகரில் கேர்லிங் மீண்டும் ஒலிம்பிக் பதக்கப் போட்டியானபின் இந்த நுணுக்கங்கள் மேலும் மேலும் இறுகி வந்திருக்கின்றன.

கல்லைத் தளத்தருகே முன்னதாகவே குளிரவைப்பதையும் சொல்லவேண்டும். வெதுவெதுப்பான கல்லைப் பனிமேல் வைத்தால் அதன் அடியிற் பனி இளகி வளையமாகத் தடம் பதியும். ஆகவே பனி எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிருக்குக் கல்லும் வந்தாக வேண்டும். வானத்து இளகலுக்கு அஞ்சிய இனம், இன்று ஒரு கல்லின் அடியில் நிகழும் இளகலுக்கு அஞ்சுகிறது. அச்சம் சிறுத்துவிட்டதே அன்றி ஒழியவில்லை.

இத்தனை செம்மையும் நன்றே. கனடாவிலும் சுவீடனிலும் சுவிற்சர்லாந்திலும், பனியே பெய்யாத ஊர்களிலும்கூட இன்று இவ்வாட்டம் நிகழ்வது இந்தச் செம்மையினாலே. ஆயினும் ஒன்று கைநழுவிற்று. பழைய முந்திய நாள் ஊர் முழுவதற்கும் உரியது. புதிய முந்திய நாள் பூட்டிய மண்டபத்துள் நால்வருக்கும் ஒரு பயிற்றுநருக்கும் ஒரு குறிப்பேட்டுக்கும் உரியது. 1979ஆம் ஆண்டும் 1959ஐப் போலவே இரட்டை ஆண்டு. பெப்ரவரியில் மென்டீத் ஏரி உறைந்து மாபெரும் ஆட்டம் நடந்தது. அடுத்த மாதம் பேர்த் நகரின் மண்டபத்திற் பெண்களுக்கான முதலாவது உலகச் சுற்றுப்போட்டி நடந்து, சுவிற்சர்லாந்து வென்றது. மண்டபத்துப் போட்டி அன்று முதல் ஆண்டுதோறும் நடைபெறலாயிற்று. ஏரியின் ஆட்டம் அதன்பின் நடைபெறவேயில்லை.

ஒரு முறை நெருங்கி வந்தது. 2009 கடைசியிலும் 2010 தொடக்கத்திலும் ஸ்கொத்லாந்தைக் கடுங்குளிர் பற்றிக்கொள்ள, மென்டீத் ஏரி மீண்டும் இறுகியது. முப்பது ஆண்டுகளாக ஒரு தலைமுறை கேட்டே அறிந்திருந்த அழைப்பு வரப்போகிறது என்று கழகங்கள் பரபரத்தன. இம்முறை தடையாயிற்று பனியன்று. அத்துணை மக்கள் ஏரிமேல் திரண்டால் அவர்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பென்ற கேள்வி. தீர்வு காணாமையால் மாபெரும் ஆட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் அழைப்பும் இல்லாமல், பீரங்கியும் முழங்காமல், பலர் தம் கற்களையும் துடைப்பங்களையும் எடுத்துக்கொண்டு தாமாகவே அந்த ஏரிக்குச் சென்றனர். பனிமேல் வட்டம் வரைந்து, மாலை மங்கும்வரை ஆடினர். பின்னர்க் காற்று மாறிற்று, பனியும் இளகிற்று.